ஜாக்கோ பாஸ்டோரியஸின் முதல் இசைத்தொகுப்பும் பாஸ் கிட்டாரின் நிலைமாற்றமும் (1951–1976)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க பாஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) தம் பெயரையே தலைப்பாக இட்டு 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எபிக் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு, ஜாஸ் ஃபியூஷன் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. முன்னோடிகள் இல்லாத ஒரு தனிமேதையின் திடீர்ப் புரட்சியாகவே அதனை விளக்குவது வழக்கமாக உள்ளது. அவ்விளக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. மின் பாஸ் கிட்டாரின் முதல் இருபத்தைந்து ஆண்டுகள், தென் ஃபுளோரிடாவின் இசைச்சூழல், கருவியில் செய்யப்பட்ட பொருள்சார் மாற்றங்கள், தொகுப்பின் உருப்படி வரிசை ஆகிய நான்கையும் இணைத்து நோக்கும்போது, இத்தொகுப்பு ஒரு வாசிப்புத்திறன் காட்சியாக அன்றி ஓர் இசையமைப்பாளரின் படைப்பாகவும், ஒரு வட்டாரத்தின் இசை ஆவணமாகவும் விளங்குகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஜாஸ் ஃபியூஷன், பாஸ் கிட்டார், பக்கவாத்தியம், மேற்சுரம், தென் ஃபுளோரிடா, கரீபிய இசை.

1. முன்னுரை

இசை வரலாறு பெரும்பாலும் பாடகர்களையும் தனிவாசிப்புக் கலைஞர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. பக்கவாத்தியக் கலைஞர்கள் அவ்வரலாற்றில் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றனர். ஒரு பக்கவாத்தியக் கலைஞர் முன்னணிக்கு வரும்போது அந்நிகழ்வை விளக்கும் சொற்கள் வரலாற்றாசிரியரிடம் இருப்பதில்லை. ஆகவே ‘மேதை’, ‘அற்புதம்’ என்னும் சொற்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. பாஸ்டோரியஸ் பற்றிய எழுத்துகளில் இப்போக்கு மிகுதி. அவருடைய இளவயது மரணமும் இறுதி ஆண்டுகளின் துயரமும் அப்போக்கினை மேலும் வலுப்படுத்தியுள்ளன.

மேதைமையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்தக் கருவி, எந்த ஊர், எந்தக் கூட்டாளிகள், எந்தப் பதிவு முறை ஆகியவற்றின் துணையுடன் அம்மேதைமை ஒலிவடிவம் பெற்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. மின் பாஸ் கிட்டாரின் முதல் கால் நூற்றாண்டு

மின் பாஸ் கிட்டாரின் முன்மாதிரிகள் 1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க்கால் உருவாக்கப்பட்டன. எனினும் அது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1951இல் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பாஸ்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்திய பின்னரே. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பென்சில்வேனியா மாநிலத்தின் நாரிஸ்டவுனில் பாஸ்டோரியஸ் பிறந்தார். ஆக, கருவிக்கும் கலைஞருக்கும் வயது ஒன்றே. ‘பிரிசிஷன்’ என்னும் பெயரே ஒரு வரலாற்றுச் செய்தியைத் தாங்கியுள்ளது. ஆளுயர டபுள் பாஸில் சுரத்தானத்தை வாசிப்பவர் தம் செவியாலும் விரலாலும் கண்டறிய வேண்டும். புதிய கருவியிலோ உலோக மெட்டுகள் அத்தானங்களை முன்கூட்டியே வரையறுத்தன. துல்லியமே அதன் விற்பனைப் பண்பாயிற்று.

ஜாஸ் உலகம் இக்கருவியை எளிதில் ஏற்கவில்லை. லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மாண்ட்காமரி 1953 அளவிலேயே இதனை வாசித்தபோதிலும், ஜாஸின் அடித்தளக் கருவியாக டபுள் பாஸே நீடித்தது. ஜிம்மி பிளாண்டன், ஆஸ்கர் பெட்டிஃபோர்ட், சார்லஸ் மிங்கஸ், ஸ்காட் லஃபாரோ ஆகியோர் டபுள் பாஸைத் தனிவாசிப்புக் கருவியாக ஏற்கெனவே வளர்த்திருந்தனர். மின் பாஸ் வளர்ந்த களம் வேறு: ரிதம் அண்டு புளூஸ், சோல், ராக் ஆகிய மக்களிசை வகைகள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் வாசித்த பாஸ் வரிகள் உலகெங்கும் ஒலித்தன. ஆயினும் அந்நிறுவனம் தன் இசைத்தட்டு உறைகளில் பதிவுக்கூடக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கமில்லாதிருந்ததால், கேட்டவர்களுக்கு அவர் பெயர் தெரியவில்லை. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பின் உறையில்தான் அவர் பெயர் முறையாக இடம்பெற்றது. பாஸ்டோரியஸ் தம் முன்னோடிகளுள் ஒருவராக ஜேமர்சனைப் போற்றினார். பெயரற்ற உழைப்பாக இருந்த ஒரு கலை, ஐந்தே ஆண்டுகளில் கலைஞரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பாக மாறியது என்பதே 1976ஆம் ஆண்டின் பொருள்.

இடைப்பட்ட காலத்தில் ஜாஸும் மாறியிருந்தது. 1969ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதிவாகி 1970இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ தொகுப்பில் டபுள் பாஸும் மின் பாஸும் அருகருகே ஒலித்தன. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, வெதர் ரிப்போர்ட், ரிட்டர்ன் டு ஃபாரெவர், ஹெர்பி ஹான்காக்கின் ஹெட்ஹண்டர்ஸ் ஆகிய குழுக்களின் வழியாக மின் பாஸ் ஜாஸுக்குள் உறுதியாக நிலைகொண்டது. ஸ்டான்லி கிளார்க் தம் முதல் தொகுப்பை 1973இலேயே வெளியிட்டுவிட்டார். ஆகவே ‘பாஸ் கலைஞர் ஒருவர் தலைமையேற்ற முதல் ஃபியூஷன் தொகுப்பு’ என்று பாஸ்டோரியஸின் தொகுப்பைக் கூறுவது காலவரிசைக்குப் பொருந்தாது. அதன் தனித்தன்மையை வேறிடத்தில் தேடவேண்டும்.

3. தென் ஃபுளோரிடாப் பின்புலம்

ஃபியூஷன் வரலாறு பெரும்பாலும் நியூயார்க்கை மையமாக வைத்தே சொல்லப்படுகிறது. பாஸ்டோரியஸ் வளர்ந்ததோ ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் பகுதியில். அவருடைய தந்தையார் முரசுக் கலைஞரும் பாடகரும் ஆவார். மகனும் முதலில் முரசையே பயின்றார். பள்ளிப் பருவத்தில் காற்பந்தாட்டத்தில் மணிக்கட்டில் ஏற்பட்ட காயம் முரசு வாசிப்புக்கு இடையூறாயிற்று. தாம் இருந்த லாஸ் ஓலாஸ் பிராஸ் என்னும் உள்ளூர்க் குழுவிலேயே அவர் பாஸுக்கு மாறினார். அவருடைய பாஸ் வாசிப்பில் காணப்படும் தாளக் கூர்மைக்கு இம்முரசுப் பயிற்சி ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளிலிருந்து கியூபா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 1959இல் நிகழ்ந்த கியூபப் புரட்சிக்குப் பின் பெருந்தொகையான கியூப மக்கள் மயாமிப் பகுதியில் குடியேறினர். டிரினிடாட் முதலிய கரீபியத் தீவுகளின் கலைஞர்களும் அங்கு வாழ்ந்தனர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் சோல் இசையும், கோயில் இசையும், விடுதிகளின் நடன இசையும் அதே நகரங்களில் ஒலித்தன. ‘ஜாஸ்’, ‘சோல்’, ‘லத்தீன்’ என்று இசைத்தட்டுக் கடைகள் பிரித்துவைத்த வகைகள், ஓர் உழைக்கும் இசைக்கலைஞரின் ஒரு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசென்றன. பாஸ்டோரியஸ் வெயின் காக்ரன் தலைமையிலான சோல் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். பீட்டர் கிரேவ்ஸ் இசைக்குழுவிலும் ஜாஸ் கலைஞர் ஐரா சல்லிவனுடனும் வாசித்தார். மயாமி பல்கலைக்கழகத்தில் சிறிதுகாலம் பாஸ் கற்பித்தார். அச்சூழலில்தான் கிட்டார் கலைஞர் பாட் மெத்தினியுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. இவ்விருவரும் பால் பிளேயுடனும் புரூஸ் டிட்மாஸுடனும் 1974இல் செய்த பதிவு ‘ஜாக்கோ’ என்னும் பெயரில் வெளிவந்துள்ளது. எனினும் அது கூட்டுப் பதிவே. தாமே திட்டமிட்டுத் தலைமையேற்ற முதல் தொகுப்பு 1976இல் வெளிவந்ததே ஆகும்.

4. மெட்டுகள் நீங்கிய கருவி

பாஸ்டோரியஸ் வாசித்த முதன்மைக் கருவி 1962ஆம் ஆண்டில் தயாரான ஃபெண்டர் ஜாஸ் பாஸ் ஆகும். அதன் மெட்டுகள் அகற்றப்பட்டு, அவை இருந்த பள்ளங்கள் மரப்பூச்சினால் நிரப்பப்பட்டன. மெட்டுகளை அகற்றியவர் யார் என்பது பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட விவரங்கள் வழங்கிவருகின்றன. மெட்டில்லா மின் பாஸை முதலில் உருவாக்கியவர் அவர் அல்லர் என்பதும் தெளிவு. ஆம்பெக் நிறுவனம் 1966இலும் ஃபெண்டர் நிறுவனம் 1970இலும் அத்தகைய கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தன.

அவருடைய பங்களிப்பு பல கூறுகளை ஒருங்கிணைத்ததில் அமைந்தது. அக்காலத்து பாஸ் கலைஞர்கள் பலர் தட்டையான மேற்பரப்புடைய நரம்புகளைப் பயன்படுத்தினர். அவற்றின் ஒலி மங்கலானது, நெடுநேரம் நிற்காது. வட்டக்கம்பி சுற்றிய நரம்புகள் ஒளிர்வான, நீண்டு நிற்கும் ஒலியைத் தருபவை. ஆனால் மெட்டில்லாத மரப்பலகையை அவை விரைவில் அரித்துவிடும். ஆகவே படகுகளுக்குப் பூசப்படும் எப்பாக்சிப் பூச்சு விரற்பலகையின்மீது பூசப்பட்டது. அக்கடினமான பரப்பு பலகையைக் காத்ததோடு ஒலியின் நீட்சியையும் கூட்டியது. ஜாஸ் பாஸில் உள்ள இரண்டு ஒலிவாங்கிகளுள் குதிரைக்கு அண்மையில் உள்ளதை முதன்மைப்படுத்தி, வலக்கையையும் குதிரையை ஒட்டியே வைத்து வாசித்ததால், ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெளிவாக ஒலித்தது. படகுப் பூச்சு எளிதில் கிடைத்த ஒரு கடற்கரை நகரில் இத்தீர்வு பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதன் இசைவிளைவு யாது? மெட்டு உள்ள கருவியில் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்குச் செல்லும் பாதை படிகளாக அமையும். மெட்டில்லாக் கருவியில் அப்பாதை தொடர்ச்சியானது; வழுக்கலும் அசைவும் மனிதக் குரலை ஒத்தமையும். 1951இல் ஃபெண்டர் வழங்கிய துல்லியத்தை நீக்கி, அதன் பொறுப்பை மீண்டும் வாசிப்பவரின் செவிக்கே ஒப்படைத்த செயல் இது. டபுள் பாஸின் நெகிழ்ச்சியும் மின் பாஸின் ஒலித்தெளிவும் ஒரே கருவியில் கூடின.

5. பதிவும் பங்கேற்றோரும்

பிளட், ஸ்வெட் அண்டு டியர்ஸ் குழுவின் முரசுக் கலைஞரான பாபி கொலம்பி 1975இல் ஃபோர்ட் லாடர்டேலில் பாஸ்டோரியஸைச் சந்தித்தார். அவருடைய முயற்சியால் எபிக் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது; தயாரிப்பாளர் பொறுப்பையும் அவரே ஏற்றார். பதிவு 1975ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் நிகழ்ந்தது.

பங்கேற்றோரை இரு அணிகளாகக் காணலாம். முதல் அணி நியூயார்க் ஃபியூஷன் உலகைச் சார்ந்தது: ஹெர்பி ஹான்காக், வெயின் ஷார்ட்டர், லென்னி ஒயிட், ஹியூபர்ட் லாஸ், பிரெக்கர் சகோதரர்கள், டேவிட் சான்பார்ன், நாரதா மைக்கேல் வால்டன் முதலியோர். லென்னி ஒயிட்டும் தாளக் கருவிக் கலைஞர் டான் அலியாஸும் ‘பிட்சஸ் புரூ’ பதிவில் இடம்பெற்றவர்கள். இரண்டாம் அணி ஃபுளோரிடாவிலிருந்து வந்தது: பியானோ கலைஞர் அலெக்ஸ் டார்கி, முரசுக் கலைஞர் பாபி எகனோமூ, ஸ்டீல் பான் வாசித்த ஒத்தெல்லோ மாலினோ, லெராய் வில்லியம்ஸ். மாலினோ டிரினிடாடில் பிறந்து ஃபுளோரிடாவில் குடியேறியவர். சோல் பாடகர்களான சாம் அண்டு டேவ் இணையரும் இப்பின்புலத்துக்கு உரியவர்களே. அவர்கள் 1961இல் மயாமி விடுதி ஒன்றில் இணைந்து பாடத் தொடங்கியவர்கள். புகழ்பெற்ற முதல் அணியை மட்டும் சுட்டி இத்தொகுப்பை நியூயார்க்கின் விளைபொருளாகக் காட்டுவது பாதி உண்மையே ஆகும்.

6. ஒன்பது உருப்படிகளின் அமைப்பு

மூல இசைத்தட்டில் ஒன்பது உருப்படிகள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 42 நிமிடங்கள். முதல் உருப்படி ‘டானா லீ’. சார்லி பார்க்கர் 1947ஆம் ஆண்டு மே மாதம் பதிவுசெய்த இப்பீபாப் உருப்படி, 1917ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘இண்டியானா’ என்னும் பாடலின் சுரக்கூட்டு வரிசைமீது அமைந்தது. பார்க்கர் பெயரில் வழங்கினும், இதனை இயற்றியவர் தாமே என்று மைல்ஸ் டேவிஸ் உரிமை கோரியுள்ளார். சாக்ஸஃபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் உரிய விரைந்த இன்னிசையைப் பாஸ்டோரியஸ் பாஸில் வாசிக்கிறார். உடன் ஒலிப்பது டான் அலியாஸின் காங்கா முரசு மட்டுமே. பியானோ இல்லை, கிட்டார் இல்லை. சுரக்கூட்டு மாற்றங்களைக் கேட்பவர் இன்னிசை வழியாகவே உணரவேண்டியுள்ளது. ஜாஸின் பழைய உருப்படியைக் கியூப மரபுத் தாளக்கருவியோடு இணைத்துத் தொகுப்பைத் தொடங்கியிருப்பது, பின்வரும் உருப்படிகளுக்கான முன்னறிவிப்பாகவும் அமைகிறது.

இரண்டாவதாகிய ‘கம் ஆன், கம் ஓவர்’ சாம் அண்டு டேவ் பாடிய நடனப்பாடல். இங்கு பாஸ் மீண்டும் பக்கவாத்தியமாகிறது. மூன்றாவதாகிய ‘கண்டினியூம்’ உருப்படியில் மெட்டில்லா பாஸ், மின் பியானோக்களின் மெல்லிய பின்னணியில், தொடக்கம் முதல் இறுதிவரை இன்னிசையை ஏந்திச் செல்கிறது. நான்காவது, ‘குரு’ என்னும் சொந்த ஆக்கத்தை ஹான்காக்கின் ‘ஸ்பீக் லைக் எ சைல்டு’ உருப்படியோடு இணைத்து நரம்புக் கருவிக்குழுவுடன் வழங்குகிறது.

ஐந்தாவதாகிய ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ பாஸ் கிட்டார் ஒன்றினால் மட்டுமே வாசிக்கப்படுவது. இதன் இயங்குமுறையை விளக்குவது தேவை. அதிரும் நரம்பின் பாதி, மூன்றிலொரு பங்கு, நான்கிலொரு பங்கு, ஐந்திலொரு பங்கு ஆகிய கணுக்களில் விரலை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டினால் மேற்சுரங்கள் எழும். பாதியில் ஒரு ஸ்தாயி மேலான சுரமும், மூன்றிலொரு பங்கில் அதற்கும் மேலுள்ள பஞ்சமமும், நான்கிலொரு பங்கில் இரு ஸ்தாயி மேலான சுரமும், ஐந்திலொரு பங்கில் அதற்கும் மேலுள்ள அந்தர காந்தாரமும் கிடைக்கும். நான்கு நரம்புகளின் மேற்சுரங்களையும் கணக்கிட்டுச் சேர்த்தால் சுரக்கூட்டுகளை அமைக்கலாம். நரம்பை ஒரு விரலால் அழுத்தி மறுவிரலால் கணுவைத் தொட்டால், திறந்த நரம்பில் கிடைக்காத மேற்சுரங்களும் கிடைக்கும். மேற்சுரங்கள் கிட்டாரிலும் வயலினிலும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. அவற்றைக் கொண்டே இன்னிசையும் சுரக்கூட்டும் அடிச்சுரமும் உடைய ஒரு முழு உருப்படியை மின் பாஸில் இயற்றியதே புதுமை.

ஆறாவதாகிய ‘ஓபஸ் போக்கஸ்’ இரு ஸ்டீல் பான் கருவிகளையும் ஷார்ட்டரின் சொப்ரானோ சாக்ஸஃபோனையும் இணைக்கிறது. ஏழாவதாகிய ‘ஒகொன்கொலே இ டிரொம்பா’வின் பெயரே இரு உலகங்களின் சந்திப்பு. ஒகொன்கொலோ என்பது யோருபா மரபிலிருந்து கியூபாவுக்கு வந்த பட்டா முரசுகள் மூன்றனுள் சிறியது. டிரொம்பா என்பது ஐரோப்பிய ஹார்ன் கருவியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். பாஸ் இங்கு முரசின் வேலையை மேற்கொண்டு ஒரே தாளக்கோலத்தைத் திரும்பத்திரும்ப வாசிக்க, அதன்மீது பீட்டர் கார்டனின் பிரெஞ்சு ஹார்ன் நீண்ட சுரங்களை இசைக்கிறது. எட்டாவதாகிய ‘யூஸ்டு டு பி எ சா-சா’ தொகுப்பின் மிக நீண்ட உருப்படி. ஹியூபர்ட் லாஸின் பிக்கோலோவும் ஹான்காக்கின் பியானோவும் இதில் விரிவான கற்பனை வாசிப்பை நிகழ்த்துகின்றன.

இறுதி உருப்படியாகிய ‘ஃபர்காட்டன் லவ்’ ஹான்காக்கின் பியானோவுக்கும் நரம்புக் கருவிக்குழுவுக்கும் இயற்றப்பட்டது. இதில் பாஸ் கிட்டார் ஒலிப்பதே இல்லை. ஒரு பாஸ் கலைஞர் தம் முதல் தொகுப்பைத் தம் கருவியே இல்லாத உருப்படியால் நிறைவுசெய்திருப்பது தற்செயலாக இருக்கமுடியாது. தம்மை இசையமைப்பாளராக அறியவேண்டும் என்னும் கோரிக்கையாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

7. ‘தனியொருவர் புரட்சி’ என்னும் விளக்கம்

தொகுப்பின் புகழ் பெரிதும் ‘டானா லீ’, ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ என்னும் இரண்டு உருப்படிகளைச் சார்ந்தே நிற்கிறது. பாஸ் பயிலும் மாணவர்கள் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்பவை இவையே. இவ்விரண்டின் கால அளவு சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள். அதாவது தொகுப்பின் எட்டிலொரு பங்கு. எஞ்சிய ஏழு பங்கும் குழுவிசை, குரலிசை, நரம்புக் கருவியிசை ஆகியவற்றால் ஆனது. எட்டிலொரு பங்கைக் கொண்டே தொகுப்பு முழுவதையும் மதிப்பிட்டதன் விளைவாக, பின்வந்த தலைமுறையினர் பலர் விரைவையும் விரல்நுட்பத்தையும் அவருடைய மரபாகக் கருதினர். இசையமைப்பும் குழு ஒழுங்கும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அவருடைய வாழ்க்கையின் இறுதிப்பகுதியும் இதற்குத் துணைசெய்தது. 1982இல் அவருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. 1987ஆம் ஆண்டு செப்டம்பரில், ஃபுளோரிடாவில் ஒரு விடுதி வாயிலில் தாக்கப்பட்டு, அக்காயங்களால் தம் 35ஆம் வயதில் காலமானார். நோயையும் மேதைமையையும் ஒன்றாக்கிக் கூறும் எழுத்துகள் 1975ஆம் ஆண்டுப் பதிவிலேயே பிற்காலத் துயரத்தின் அறிகுறிகளைத் தேடுகின்றன. பின்னர் நிகழ்ந்ததை முன்னர்ச் செய்ததற்குக் காரணமாக்கும் இவ்வாசிப்பு வரலாற்று முறைக்கு ஒவ்வாது. இத்தொகுப்பு காட்டுவது நுணுகிய திட்டமிடலையும் கட்டுப்பாட்டையுமே.

8. பின்விளைவுகள்

1976ஆம் ஆண்டில் பாஸ்டோரியஸின் வாசிப்பு பல தொகுப்புகளில் ஒலித்தது. பாட் மெத்தினியின் ‘பிரைட் சைஸ் லைஃப்’, வெதர் ரிப்போர்ட்டின் ‘பிளாக் மார்க்கெட்’ தொகுப்பின் இரண்டு உருப்படிகள், ஜோனி மிட்செலின் ‘ஹெஜிரா’ ஆகியவை அவ்வாண்டில் வெளிவந்தவை. ஜாஸ், ஃபியூஷன், கவிநயப் பாடல் ஆகிய மூன்று வேறுபட்ட களங்களிலும் ஒரே பாஸ் குரல் அடையாளம் காணப்பட்டது. 1977இல் வெளிவந்த ‘ஹெவி வெதர்’ அக்குரலை உலக அரங்குக்குக் கொண்டுசென்றது. மாலினோ தொடர்ந்து அவருடன் பணியாற்றி, ஸ்டீல் பான் ஜாஸில் நிலைபெற வழிவகுத்தார். மறைந்த மறு ஆண்டில், 1988இல், டவுன் பீட் இதழின் பெருமைக்குரியோர் வரிசையில் பாஸ்டோரியஸின் பெயர் சேர்க்கப்பட்டது. 1990களின் இறுதியில் எஸ்.டபிள்யூ.வி. குழுவின் ‘ரெயின்’ என்னும் ஆர் அண்டு பி பாடல் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’யின் ஒலித்துணுக்கை அடித்தளமாகக் கொண்டு அமைந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களிசையிலிருந்து பெற்றது அம்மரபுக்கே மீண்டது எனலாம்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவதாக, இத்தொகுப்பின் தனித்தன்மை காலவரிசை முதன்மையில் இல்லை. மெட்டில்லாக் கருவி, மேற்சுர உத்தி, தலைமை பாஸ் கலைஞர் ஆகிய மூன்றுமே இதற்கு முன்பே இருந்தன. அவற்றை ஒரு முழுமையான ஒலிமொழியாக இணைத்ததே இதன் சாதனை. இரண்டாவதாக, ஸ்டீல் பான், பட்டா மரபுப் பெயர், காங்கா முரசு, மயாமியின் சோல் குரல்கள் ஆகியவை இத்தொகுப்பைத் தென் ஃபுளோரிடாவின் ஆவணமாக்குகின்றன. ஃபியூஷன் வரலாற்றில் நியூயார்க்குக்கு அப்பாலும் மையங்கள் உண்டு என்பதற்கு இது சான்று. மூன்றாவதாக, தொகுப்பின் எட்டிலொரு பங்கை மட்டும் கேட்டு எழுதப்பட்ட வரலாறு, ஓர் இசையமைப்பாளரை வித்தைக்காரராகச் சுருக்கியுள்ளது.

பக்கவாத்தியக் கலைஞர்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இதிலிருந்து ஒரு முறைசார் பாடமும் கிடைக்கிறது. கலைஞரின் தனிவாசிப்பைக் கேட்பது போதாது. அவர் பிறருக்காக வாசித்ததையும், வாசிக்காமல் விட்டதையும் சேர்த்தே கேட்கவேண்டும். ‘கம் ஆன், கம் ஓவர்’ உருப்படியில் பாடகர்களுக்குப் பின்னே நிற்கும் பாஸும், ‘ஃபர்காட்டன் லவ்’ உருப்படியில் அறவே ஒலிக்காத பாஸும், ‘டானா லீ’யைப் போன்றே இவ்வாய்வுக்குரிய சான்றுகளாகும்.